கைக்கு எட்டிய நடுக்கம்

நான் முடுக்கிய போல்ட் தானாகத் தளர்ந்ததாக இதுவரை ஒருவரும் புகார் சொன்னதில்லை. அதைக் கழற்ற முயன்றவர்கள்தான் என்னைத் திட்டியிருக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் பட்டறையில் கார்களை ஓட்டும் ஆளுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறோம். கால் வராதவருக்குக் கையால் அழுத்தும் பிரேக், குனிய முடியாதவருக்கு வெளிப்பக்கம் திரும்பி வரும் சீட், ஒற்றைக் கையால் ஓட்டுபவருக்கு ஸ்டியரிங்கில் ஒரு குமிழ். வண்டியை எடுத்துப் போகிறவர்கள் "அலுங்காம குலுங்காம இருக்கு" என்று சொல்லாமல் போனதே இல்லை. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. "கொஞ்சமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவர் கிடக்கிறார்.

அதனால், என் நாத்தனார் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து, "அண்ணி, இதை எங்கயாவது மாட்டணும்" என்றபோது, உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்காமல், "மாட்டிடலாம்" என்று சொல்லிவிட்டேன்.

நாத்தனாரை வீட்டில் எல்லோரும் சுண்டு என்றுதான் கூப்பிடுகிறோம். ஆள் அவ்வளவுதான் உயரம். சின்ன விமானங்கள் வந்து இறங்கும் திடலில், அவற்றுக்கு எரிபொருள் நிரப்பும் வேலை அவளுக்கு. அங்கிருக்கும் பயிற்சிப் பள்ளி, திடலில் வேலை செய்பவர்களில் ஒருவருக்கு இலவசமாக விமானம் ஓட்டக் கற்றுத்தரும். அந்த இடம் சுண்டுவுக்குக் கிடைத்தது. கற்றுக்கொள்ளும் வரை ஒரு குறையும் இல்லை. தேர்வில்தான் சறுக்கிவிட்டாள். இறங்க வரும்போது விமானத்தின் வேகம் குறைந்துகொண்டே போனது அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேர்வாளர் விமானத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு தானே இறக்கினார். கீழே வந்ததும், "உன் கண்ணு முழிச்சிருக்கு, கைதான் தூங்குது" என்றாராம்.

இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. அதிலும் தவறினால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். சுண்டு பழையபடி ஏணியில் ஏறி, அடுத்தவர்கள் பறக்கப் போகும் விமானங்களின் டேங்க்கை நிரப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்த வேகத்திலேயே தெரிந்தது.

உள்ளே இருந்தது ஒரு ஜாய்ஸ்டிக். திடலில் சொந்த விமானம் வைத்திருக்கும் ஒருவர், புதிது வாங்கிவிட்டதால் பழையதை இவளிடம் கொடுத்திருந்தார். பார்ப்பதற்குப் பிள்ளைகள் விளையாடும் சாமான்போல இருந்தாலும் எடை செங்கல் கணக்கில் இருந்தது.

"இது சும்மா ஆடுற ஸ்டிக் இல்ல அண்ணி. திருப்பித் தள்ளும்," என்றாள். "உள்ள மோட்டார் இருக்கு. கம்ப்யூட்டர்ல விமானம் வேகமாப் போனா ஸ்டிக் இறுகும், வேகம் குறைஞ்சா தளரும். இன்னும் குறைஞ்சா கையில நடுங்கும். அதுக்கப்புறமும் பின்னால இழுத்துட்டே இருந்தோம்னா, இறக்கையில காத்து நிக்காது, மூக்கு தொபுக்கடீர்னு கீழ போயிடும். நிஜ விமானத்துலயும் அப்படித்தான். அந்தத் தளர்ச்சியும் நடுக்கமும்தான் அன்னிக்கு எனக்குத் தெரியாமப் போச்சு."

"அப்ப இது உன் கையை எழுப்பி விடும்ங்கிற?"

"எழுப்பணும் அண்ணி."

முதலில் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினோம். என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். மருந்துக்கடை வைத்திருப்பவர். கையில் கிடைத்த எந்தத் துண்டுத்தாளையும் கடைசி வரி வரை படித்துவிடுவார். ஸ்டிக்கை எப்போதும் நடுவுக்கு இழுக்கும் ஒரு ஸ்பிரிங் விசையைக் கம்ப்யூட்டர் தன்பாட்டுக்குச் சேர்க்கிறது என்றும், அதை அணைத்தால்தான் விமானத்தின் விசை மட்டும் கைக்கு வரும் என்றும் அவர்தான் கண்டுபிடித்து அணைத்தார். இந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன், பிறகு கேட்கக்கூடாது.

பிடியின் உட்பக்கத்தில் கடுகளவு ஒரு கண்ணாடிக் கண் இருந்தது. கை அதை மூடினால்தான் மோட்டார் உயிர்பெறும். கையை எடுத்தால் ஓய்ந்துவிடும். இதை யாரும் என் மாமியாரிடம் சொல்லவில்லை. அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே வந்து துணியை அதன் தலையில் போட்டார். ஸ்டிக் துள்ளி எழுந்து, தண்ணீர் டம்ளரைத் தட்டி, அவர் மணிக்கட்டில் ஒரு போடு போட்டது.

"இது என்னடி, தொட்டா அடிக்குது! வீட்டுல ஏற்கெனவே இருக்கிறவங்க போதாதா?" என்றார். அவர் பார்வை ஏன் என் பக்கம் வந்தது என்று தெரியவில்லை.

சுண்டு உட்கார்ந்து பிடித்தாள். திரையில் விமானம் மேலே போனது. அவள் வேகத்தைக் குறைத்துப் பின்னால் இழுத்தாள். மேசை தடதடவென்று ஆடத் தொடங்கியது. ஸ்பூன்களெல்லாம் தட்டுக்குள் குதித்தன. "அண்ணி, நடுங்குது! இதேதான்! இதேதான்!" என்று கத்திக்கொண்டே ஸ்டிக்கை முன்னால் தள்ளினாள். விமானம் நிமிர்ந்துகொண்டது.

எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சந்தோஷம்தான். ஆனால் மேசை ஆடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மேசை ஆடினால் என் வேலை ஆடிய மாதிரி. "இதெல்லாம் ஒரு மாட்டலா? கழட்டு. நான் ஒழுங்கா ஒண்ணு செஞ்சு தரேன்" என்றேன்.

மறுநாளே திடலுக்குப் போன சுண்டு, தான் தேர்வில் ஓட்டப்போகும் விமானத்துக்கு எரிபொருள் நிரப்பிவிட்டு, ஒரு கயிற்றால் அதை அளந்து வந்தாள். சீட்டின் விளிம்பிலிருந்து ஸ்டிக்கின் அடிவரைக்கும் ஒரு முடிச்சு. தரையிலிருந்து பிடி வரைக்கும் இன்னொன்று. அந்த விமானத்தில் ஸ்டிக் இரண்டு முழங்காலுக்கும் நடுவிலிருந்து எழுந்து வரும். மேசையில் மாட்டினால் உயரமும் தப்பு, இடமும் தப்பு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கயிற்றைப் பார்த்ததும் அவள்மேல் மரியாதை வந்தது. டேப் இல்லாவிட்டால் கண்ணால் அளந்து வந்து என் கழுத்தை அறுக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பட்டறையின் பின்பக்கம் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு கார் சீட்டை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். அடியில் ஆங்கிள் இரும்பால் சட்டம் கட்டினேன். முன்னால் நீட்டி, முழங்கால்களுக்கு நடுவில் தாழ்வாக ஒரு மேடை. அதன்மேல் தடித்த பிளைவுட் பலகை. ஜாய்ஸ்டிக்கின் அடிப்பெட்டியை அதில் வைத்து, நான்கு மூலையிலும் துளை போட்டு, அடியில் அதிர்வு வாங்கும் நான்கு ரப்பர் வளையம், அதாவது புஷ், கொடுத்து, போல்டை முடுக்கினேன். பட்டறையில் கைக்கு வரும் எந்த லீவரையும் ரப்பர் புஷ் இல்லாமல் நாங்கள் மாட்டுவதில்லை. ரோட்டின் அதிர்வு மேலே ஏறினால், நாள் முழுக்கக் கையாலேயே பிரேக் போடுகிறவருக்கு மணிக்கட்டு விட்டுப்போகும். இது நான் யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. போல்டை எடுக்கும்போதே இன்னொரு கை புஷ்ஷை எடுத்துவிடும்.

சீட்டை நடுக்கூடத்தில் கொண்டுவந்து போட்டபோது வீடே சுற்றி நின்று பார்த்தது. கயிற்றைப் பிடித்துப் பார்த்தோம். முடிச்சு இரண்டும் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தன. சுண்டு ஏறி உட்கார்ந்தாள். விமானம் எகிறியது, கவிழ்ந்தது, திரும்பியது. சீட்டிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

"யானையைக் கட்டி இழுத்தாலும் வராது" என்றேன்.

"யானையை யாரும் கூப்பிடல" என்றார் வீட்டுக்காரர். பொறாமை.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் சுண்டு சீட்டில் ஏறுவாள். நான் பின்னால் நின்று பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் ஓடுபாதைக்கு முன்னால் வந்து வேகம் இறங்கும், அவள் இழுத்துக்கொண்டே இருப்பாள், மூக்கு கீழே போகும். திரையில் வயல்தான் தெரியும். திரையில் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தால் தப்பித்தாள். ஓடுபாதையைப் பார்க்கக் கண்ணைத் தூக்கினால் விழுந்தாள். மேசையில் அன்றைக்கு அத்தனை சுலபமாக வந்தது, இங்கே வரவில்லை.

மோட்டாரின் பலத்தைக் கூட்டச் சொன்னேன். வீட்டுக்காரர் கூட்டினார். பலனில்லை. சீட்டை முன்னால் தள்ளினேன், பின்னால் தள்ளினேன், முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தேன். அதற்கும் பலனில்லை. வேலையில் குறை இருக்கும் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. என் வேலையாயிற்றே.

"நடுங்குறது தெரியலயா உனக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரியுற மாதிரி இருக்கு. தெரியாத மாதிரியும் இருக்கு அண்ணி."

"அதென்ன பதில்? நிஜ விமானமா இருந்தா இந்நேரம் என்ன ஆகியிருக்கும்? அந்தத் தேர்வாளர் சொன்னது சரிதான் போல. கை தூங்கத்தான் செய்யுது."

சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுண்டு பிடியிலிருந்து கையை எடுத்தாள். ஸ்டிக் ஓய்ந்து சாய்ந்தது. "எனக்கு இது வராது அண்ணி. அடுத்தவங்க யாராவது கத்துக்கட்டும்" என்று எழுந்து, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்துச் சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சாத்தினாள்.

மாமியார் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைச் சமாதானம் செய்கிறாராம்.

"விடும்மா, நீ என்ன பண்ணுவ? மேசையில மாட்டியிருந்தப்ப ஸ்பூனெல்லாம் என்னமா ஆட்டம் போட்டுச்சு! இப்ப பாரு, ஒரு சத்தம் உண்டா? பால் டம்ளரை மேல வெச்சாலும் தளும்பாது. உன் வேலையில குறை சொல்ல முடியுமா?"

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"ஏங்க, இங்க வந்து உட்காருங்க" என்று வீட்டுக்காரரைச் சீட்டில் ஏற்றினேன். "பிடிச்சுக்கோங்க. வேகத்தைக் குறைச்சுப் பின்னால இழுங்க."

"நான் இழுத்தா விழுந்துடுமே."

"விழட்டும்."

அவர் இழுத்தார். நான் தரையில் மண்டிபோட்டு, ஜாய்ஸ்டிக்கின் அடிப்பெட்டியில் உள்ளங்கையை வைத்தேன். பெட்டி காய்ச்சல்காரன் உடம்புபோல நடுங்கிக்கொண்டிருந்தது. புஷ்ஷின் மேல் இப்படியும் அப்படியும் அசைந்தது.

"கையில எதாவது தெரியுதா?" என்றேன்.

"என்ன தெரியணும்?"

அவ்வளவுதான். மோட்டார் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அது அனுப்பியதையெல்லாம் என் நான்கு ரப்பர் புஷ்களும் பாதி வழியிலேயே தின்றுகொண்டிருந்தன. அது மட்டுமா? ஸ்டிக்கை இழுத்தால் ரப்பரும் கூடவே நசுங்கிக் கொடுத்தது. விமானம் தளர்கிறதா, ரப்பர் தளர்கிறதா என்று எந்தக் கைக்குத்தான் தெரியும்? கையை எழுப்ப வந்த சாமானுக்கு அடியில் மெத்தை போட்டுக் கொடுத்துவிட்டு, தூங்குகிறாள் என்று அந்தப் பிள்ளையைத் திட்டியிருக்கிறேன். அதுவும் எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு பெருமையாக! என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்பானரை எடுத்தேன். நான் முடுக்கிய போல்ட்டை நானே கழற்ற வேண்டியிருந்தபோதுதான், மற்றவர்கள் என்னை ஏன் திட்டினார்கள் என்று புரிந்தது. தம் கட்டி இழுத்ததில் வீட்டுக்காரரின் முழங்காலில் ஒரு இடி விழுந்தது. புஷ் நான்கையும் பிடுங்கினேன். பிளைவுட்டையும் எடுத்துவிட்டு, அடிப்பெட்டியை நேராக இரும்பின்மேல் வைத்து, வெறும் வாஷர் கொடுத்து முடுக்கினேன்.

பிறகு சுண்டுவின் கதவைத் தட்டினேன்.

"வெளிய வா. உன் கை நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பா மாட்டிட்டேன்."

"அண்ணி தப்பா மாட்டினாங்களா?" என்று உள்ளேயிருந்து வந்தது குரல்.

"ஆமா. ஒரு தடவைதான் சொல்லுவேன். வா."

கதவு திறந்தது. அவள் அண்ணன்கூட அவ்வளவு ஆச்சரியமாக என்னைப் பார்த்ததில்லை.

சீட்டில் உட்கார்ந்து வேகத்தைக் குறைத்ததும் சட்டம் உறுமியது. தரை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. அடுக்களையில் ஸ்பூன் ஸ்டாண்ட் பாட ஆரம்பித்தது. மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். சுண்டு ஒன்றும் கத்தவில்லை இந்தத் தடவை. உதட்டைக் கடித்துக்கொண்டு, மெதுவாக முன்னால் தள்ளி, எஞ்சினைக் கூட்டினாள். மறுபடி செய்தாள். மறுபடியும்.

நான் ஒரு போர்வையைக் கொண்டுவந்து திரைமேல் போட்டேன்.

"அண்ணி! எப்படிப் பார்க்கிறது?"

"பார்க்கத்தான் உனக்கு வருமே. பார்க்காம ஓட்டு."

அவள் ஓட்டினாள். ஸ்டிக் இறுகும்போது விட்டாள், தளரும்போது முன்னால் கொடுத்தாள். நடுக்கம் தொடங்கும் முன்பே அவள் தோள் அசைவதை நான் கண்ணால் பார்த்தேன். போர்வையை எடுத்தபோது விமானம் வானத்தில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. மாமியார் காதைப் பொத்தியபடியே, "விழலயா?" என்றார்.

"விழலம்மா" என்றாள் சுண்டு. அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். எதற்கு மறைக்க வேண்டும்?

தேர்வு வரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு பாத்திரமும் நிம்மதியாக இருந்ததில்லை. ஒருவரும் குறை சொல்லவில்லை.

தேர்வன்று பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, திடலின் கம்பி வேலியோரம் போய் நின்றேன். காற்று விட்டு விட்டு வீசிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் முடியைப் பிய்க்கும், அடுத்த நிமிடம் ஆளே இல்லாதது மாதிரி அடங்கிவிடும். சுண்டுவும் தேர்வாளரும் ஏறிய விமானம் தூரத்தில் சுற்றிவிட்டு, இறங்குவதற்காக ஓடுபாதைக்கு நேராக வந்தது. நான் கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னால் காற்று சட்டென்று நின்றது. விமானம் தொய்ந்தது. அதே வினாடி எஞ்சின் அலறியது. மூக்கு லேசாகக் குனிந்து, பிறகு நிமிர்ந்து, இறங்காமலேயே என் தலைக்கு மேலே ஏறிப் போய்விட்டது.

போச்சு என்று நினைத்தேன். மறுபடி அந்தத் தேர்வாளர் ஸ்டிக்கைப் பிடுங்கிவிட்டார். சுண்டுவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

விமானம் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தது. இந்தத் தடவை பூப்போல இறங்கியது.

சுண்டு இறங்கி வேலியை நோக்கி ஓடி வந்தாள். பின்னாலேயே தேர்வாளர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவசரமில்லாமல்.

"முதல் தடவை அவர்தானே பிடுங்கினார்?" என்றேன்.

"இல்ல அண்ணி, நான்தான். ஸ்டிக் தொளதொளன்னு ஆச்சு. உடனே எஞ்சினைக் கொடுத்து மேல ஏறிட்டேன். முள்ளைப் பார்க்கவே இல்ல."

தேர்வாளர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "நான் கையை நீட்டுறதுக்குள்ள பண்ணிட்டாங்க," என்றார் என்னிடம். "பாஸ் போட்டாச்சு. யார் சொல்லிக் கொடுத்தது?"

சுண்டு என்னைக் காட்டினாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய்ப்பை விடுகிற ஆளும் இல்லை நான். ஆனால் வேலிக் கம்பியைப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டினேன்.

உரிமம் கைக்கு வந்ததும் அவள் முதல் ஆளாக என்னைத்தான் ஏற்றினாள். நான் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் கையை விட்டு போல்ட்டைத் தடவினேன்.

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கும் அண்ணி."

"நான் முடுக்கலயே."

மேலே போனதும் ஊர் சின்னதாகிவிட்டது. எங்கள் பட்டறைக் கூரையைத் தேடினேன், கிடைக்கவில்லை. என் முழங்கால்களுக்கு நடுவிலும் ஒரு ஸ்டிக் இருந்தது. அவளுடையது அசையும்போது இதுவும் அசைந்தது.

"உங்க ஸ்டிக்கை லேசாப் பிடிச்சுக்கோங்க. இறுக்காதீங்க" என்றாள். எஞ்சின் சத்தம் குறைந்தது. மூக்கு மெல்ல மேலே எழுந்தது. என் கைக்குள் ஸ்டிக் தளர்ந்தது. பிறகு, இரும்பும் தகடும் கடந்து, நடுவில் ஒரு ரப்பரும் தடுக்காமல், அந்த நடுக்கம் என் உள்ளங்கைக்கு வந்தது. எங்கள் கூடத்தில் நான் மண்டிபோட்டுத் தொட்ட அதே நடுக்கம்.

"சுண்டு! நடுங்குது! நடுங்குது!" என்று கத்தினேன்.

"தெரியுது அண்ணி" என்றாள். அவள் முன்னால் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை எப்போதோ ஸ்டிக்கை முன்னால் தள்ளியிருந்தது.